முதல் நாள் கம்பைத் தொடாதே

அன்பு மகன் சின்னவனுக்குப் பெரியப்பா எழுதுவது.

மே மாத லீவில் பத்து நாள் ஊரில் தங்கி, பிள்ளைகளுக்குச் சிலம்பம் சொல்லித் தரப்போகிறாயாமே, உன் அம்மா சொன்னாள். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. போனில் பேசினால் "சரி பெரியப்பா, சரி பெரியப்பா" என்று பாதியிலேயே வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாதே.

ஊர் முன்னே மாதிரி இல்லையப்பா. நீ கம்பெடுத்த காலத்தில் அம்மாமார் விளக்குமாறு எடுத்தார்கள். உன் அம்மாவும் சேர்த்தித்தான். இப்போது அவர்களே பிள்ளையைக் கையில் பிடித்துக் கூட்டி வருகிறார்கள். அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் 2021-இல் சிலம்பத்தையும் சேர்ப்பதாக அறிவித்தார்கள் அல்லவா? 2024 ஜனவரியில் நம் மாநிலத்தில் நடந்த கேலோ இந்தியா விளையாட்டுப் போட்டிகளிலும் சிலம்பம் ஆடினார்கள். அதனால் உன்னிடம் வரும் முதல் கேள்வியே "சர்டிபிகேட் உண்டா?" என்றுதான் இருக்கும். முகத்தைச் சுளிக்காதே. 'பெரிய இடத்துப் பெண்' படத்தில் எம்.ஜி.ஆர். கம்பு சுற்றியதைப் பார்த்துவிட்டு மாட்டுக் கம்பைத் தூக்கியவர்கள்தான் நாங்கள். எங்கள் காரணம் மட்டும் என்ன உசத்தி?

ஆனால் ஒன்று. பத்து நாளில் நாலு அலங்கார வீச்சைப் பழக்கி, கடைசி நாள் மேடையில் தீப்பந்தம் சுற்றவிட்டுப் போட்டோ பிடித்துக்கொண்டு பஸ் ஏறிவிடாதே. முதல் நாள் யார் கையிலும் கம்பு வேண்டாம். காலடி மட்டும் போதும். களத்துமேட்டு மண்ணில் சாம்பலால் கோடு போட்டு நடக்கவிடு. நீ அவர்கள் கைகளைப் பார்க்காதே, கால் கட்டைவிரலைப் பார். எடை எந்தக் காலில் நிற்கிறது என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும். பிறகு கம்பு கொடுக்கும்போது அவனவன் நெற்றி உயரத்துக்கு அளந்து கொடு. கடையில் ஒரே அளவில் வாங்கி வந்த கம்பை ஏழு வயதுப் பயல் சுற்றினால் அவன் காதில்தான் விழும். பெண் பிள்ளைகளும் நிறைய வருவார்கள். பொழுது சாயுமுன் முடித்துவிடு. கடைசிப் பிள்ளை வீடு போய்ச் சேருமட்டும் நீ களத்தைவிட்டு நகராதே.

இதற்கெல்லாம் முன்னால் நம் சிலம்ப வாத்தியாரைப் போய்ப் பார். பஸ்ஸைவிட்டு இறங்கியதும் வெற்றிலை பாக்கு, பழம் வாங்கிக்கொண்டு நேரே அங்கே போ. முதுகில் 'மாஸ்டர்' என்று அச்சடித்த அந்தப் பனியனைத் தயவுசெய்து போட்டுக்கொண்டு போகாதே. அவருக்குக் கண் மங்கிவிட்டது, ஆனாலும் அதைப் படித்துவிடுவார். களம் இறங்கும்போது நீ போடும் சலாம் வரிசையில் நிச்சயம் ஒரு குற்றம் கண்டுபிடிப்பார். பிள்ளைகள் முன்னால் திருத்தினால் திருத்திக்கொள். உன்னைத் திருத்தவும் ஓர் ஆள் உண்டென்று அதுகளுக்குத் தெரியட்டும்.

எனக்கு இருக்கிற பெரிய கவலை பதினோராம் நாளைப் பற்றியது. நீ சென்னைக்குப் போய்விடுவாய். அன்று சாயங்காலம் களத்துக்கு வருகிற பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்? உன்னோடு கம்பு பழகிய கூட்டாளி இங்கே லோடு ஆட்டோ ஓட்டிக்கொண்டிருக்கிறான். உன்னைவிட அவனுக்குக் கை சுத்தம், நீயே சொல்லியிருக்கிறாய். அவனை முதல் நாளே கூப்பிட்டு எதிரே நிறுத்திக்கொள். ஜோடி கட்டி ஆடிக்காட்ட ஆள் வேண்டும் என்று மட்டும் சொல்லு. "நீ பார்த்துக்கொள்" என்று எடுத்த எடுப்பில் சொன்னால் வெட்கப்பட்டு ஓடிவிடுவான். நாலு நாள் போனதும் பிள்ளைகள் தானாக அவனை "அண்ணே" என்று சுற்ற ஆரம்பிக்கும். அப்போது அவனோடு உட்கார்ந்து பேசிக்கொள். டீக்கடையில் வேண்டாம், அவன் வீட்டில் உட்கார்ந்து பேசு. அவன் பெண்டாட்டியும் கேட்கட்டும். சாயங்கால வாடகை ஓட்டம் கைவிட்டுப் போனால் வீட்டுச் செலவில் இடிப்பது அவளுக்குத்தானே.

சென்னையிலிருந்து கம்பைத் தூக்கிக்கொண்டு வராதே. போன தடவை கண்டக்டரோடு நீ போட்ட சண்டையை இன்னும் ஊரில் சொல்லிச் சிரிக்கிறார்கள். மூங்கில் வெட்டி நிழலில் காயப்போட்டிருக்கிறேன். எண்ணெய் நீ வந்து போட்டுக்கொள். உன் பெரியம்மா ஒன்று கேட்கச் சொன்னாள்: கறி சாப்பிடுகிறாயா, இல்லை இன்னும் அந்த விரதம்தானா? அதைப் பார்த்துத்தான் அவள் கோழி சொல்லிவைக்க வேண்டுமாம். சீக்கிரம் பதில் போடு.

உன் பெரியப்பா