இரவில் மட்டும் சூடேறும் கார்

எங்கள் பக்கத்தில் பழைய டட்சன் சன்னிகள் இன்னும் ஓடுகின்றன. என்னிடம் இருப்பது பி310, 1970களின் கடைசியில் யப்பானில் செய்தது. கம்பியூட்டர் எதுவும் இல்லாத வண்டி. கெட்டுப்போனால் ஒவ்வொரு வயராகத் தொட்டுப் பார்த்தே பிழையைப் பிடிக்கலாம். என்னை அதிகம் அலைக்கழித்தது அதன் எஞ்சின் அல்ல, எஞ்சினின் சூட்டைக் காட்டுகிற முள்.

பகலில் முள் நடுவுக்குச் சற்றுக் கீழே அசையாமல் நிற்கும். திருகோணமலையில் அலுவல் முடித்து இருட்டினபின் குச்சவெளிக்குத் திரும்பினால், நிலாவெளி வருவதற்குள் மேலே ஏறிச் சிவப்புக் கோட்டை நெருங்கிவிடும். இறக்கக்கண்டிப் பாலத்தடியில் நிறுத்திப் போனற்றைத் தூக்கினால் ஆவி இல்லை, கொதிக்கிற இரைச்சல் இல்லை. கச்சான் காற்று அனலாய் வீசும் பகலில் சும்மா இருக்கிற எஞ்சின், இரவில் ஏன் கொதிக்க வேண்டும்?

ஆளுக்கொரு தீர்ப்புச் சொன்னார்கள். ஹெட் கேஸ்கற் போய்விட்டது என்றார் ஒருவர். ரேடியேற்றரை மாற்றச் சொன்னார் இன்னொருவர். "தேர்மோஸ்டற்றைக் கழற்றி எறியுங்க, இது சூட்டு நாடு" என்பது எல்லோரும் சொன்னது. இந்தக் கடைசி ஆலோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். மிதமான நாடுகளுக்கு 82 பாகை, குளிர் நாடுகளுக்கு 88, வெப்ப நாடுகளுக்கு 76.5 என்று டட்சன் நிறுவனமே மூன்று விதமான தேர்மோஸ்டற் வைத்திருந்தது. சூட்டு நாட்டுக்கும் ஒன்று வேண்டும் என்பதால்தானே மூன்றாவதைச் செய்தார்கள்? அதைக் கழற்றிய காரில் எஞ்சின் சூடேறவே நேரமெடுக்கும், பெற்றோல் கூடச் செலவாகும், முள் அடியிலேயே கிடக்கும். பிறகு மீற்றர் பழுது என்று இன்னொரு செலவு வரும்.

முள் பொய் சொல்கிறதா என்று அறிய, முதலில் உண்மைச் சூடு தெரிய வேண்டும். அதற்கு மீற்றரோடு சம்பந்தமே இல்லாத ஓர் அளவுகோல் தேவை. தொடாமலே சூடு பார்க்கிற துப்பாக்கி வடிவ வெப்பமானி இப்போது ஹாட்வெயார் கடைகளில் கிடைக்கிறது. கொரோனாக் காலத்தில் நெற்றிக்கு நேரே பிடித்தார்களே, அது இதற்கு உதவாது. உடற்சூட்டுக்கு மேல் அதில் கணக்கில்லை. தொழிற்சாலை வகைதான் வேண்டும். அதையும் பளபளக்கும் அலுமினியத்தில் பிடித்தால் குறைவாகவே காட்டும். தேர்மோஸ்டற்றின் மூடி இருக்கும் இடத்தில் கறுப்பு வயர் ரேப் ஒரு துண்டு ஒட்டி, அதன்மேல் பிடித்துப் பாருங்கள். என் காரில் பகலிலும் 80ஐ ஒட்டித்தான் இருந்தது, முள் உச்சியில் நின்ற இரவிலும் 80ஐ ஒட்டித்தான் இருந்தது. ஹெட் கேஸ்கற் பேச்சு அத்தோடு முடிந்தது.

மீதியைத் திறந்துவிட்டது புல்மோட்டை வீதியில் கராஜ் வைத்திருக்கும் நானா கேட்ட ஒரு கேள்வி. "தம்பி, அந்த நேரம் பெற்றோல் முள் எங்க நிக்குது எண்டு பாத்தீங்களா?" பார்த்திருக்கவில்லை. அன்றிரவு பார்த்தேன். லைற்றைப் போட்டதும் பெற்றோல் முள்ளும் சேர்ந்து ஏறியது. ஒரு சதமும் செலவில்லாமல் தாங்கி நிரம்புகிற கார், விலையேறிய இந்தக் காலத்தில் வேறு யாருக்குக் கிடைக்கும்!

இந்த வகைக் கார்களில் சூட்டு முள்ளுக்கும் பெற்றோல் முள்ளுக்கும் மின்சாரம் கொடுப்பது டாஷ்போட்டுக்குப் பின்னால் இருக்கிற ஒரே ரெகுலேற்றர். பற்றரியின் வோல்ற் ஏறினாலும் இறங்கினாலும் அது ஒரே அளவாகக் கொடுக்கும், அதற்கு நல்ல எர்த் இருந்தால். எர்த் கெட்டால் இரண்டு முள்ளும் கூட்டியே காட்டும். லைற் போட்டதும் எரிகிற டாஷ்போட் பல்புகளின் மின்னோட்டமும் அதே எர்த் வழியாகத்தான் திரும்ப வேண்டும். துருப்பிடித்த வழியில் அந்த நெரிசலும் சேர்ந்தால் முள் இன்னும் ஏறும். இரவுக் காய்ச்சலின் காரணம் இவ்வளவுதான். இரண்டு முள்ளும் ஒன்றாகப் பிழைத்தால் ரெகுலேற்றரையோ அதன் எர்த்தையோ பாருங்கள். ஒன்று மட்டும் பிழைத்தால் அந்த முள்ளின் வயரையும் சென்சரையும் பாருங்கள். இந்த ஒரு பிரிப்பே பாதி வேலை.

நிலாவெளியில் உப்பளம் இருக்கிற கரையில் வாழ்கிறோம். செம்பு பச்சை பூப்பதும் இரும்பு பொருக்கு விடுவதும் எங்களுக்குப் புதிதல்ல. டாஷ்போட்டைக் கழற்றி எர்த் வயர் முடுக்கியிருந்த திருகாணியை எடுத்தபோது, வயர் நுனி முழுக்கப் பச்சை. பெயின்றைச் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து, புதிய நுனி போட்டு முடுக்கி, மேலே கிறீஸ் பூசினோம். உப்புத்தாளுக்கான காசைத் தவிர வேறு செலவில்லை. எஞ்சினுக்கும் பொடிக்கும் இடையே போகிற தடித்த எர்த் பட்டியையும் அப்போதே பார்த்துவிடுவது நல்லது. எஞ்சின் ஓட, லைற் எரிய, மல்ரிமீற்றரின் ஒரு முனையைப் பொடியின் வெறும் இரும்பிலும் மறுமுனையை எஞ்சினிலும் வையுங்கள். 0.2 வோல்ற்றுக்கு மேல் காட்டினால் அந்தப் பட்டி சரியில்லை.

சென்சரின் பக்கம் பிழை என்றால் சோதனை இன்னும் எளிது. சாவியைப் போட்டு, சென்சரின் வயரைக் கழற்றுங்கள்; முள் அடிக்கு வர வேண்டும். அந்த வயரை எஞ்சின் இரும்பில் தொட்டால் மேலே ஏற வேண்டும். ஏறத் தொடங்கியதும் எடுத்துவிடுங்கள், பிடித்தபடி நின்றால் மீற்றர் கருகும். இரண்டும் சரியாக நடந்தால் மீற்றரும் வயரும் நல்லவை, சந்தேகம் சென்சர்மேல். அதைக் கழற்றி, தண்ணீர்ப் பாத்திரத்தில் நுனி அமிழப் பிடித்து அடுப்பில் வைத்து ஓம் பாருங்கள். தண்ணீர் சூடேற ஏற ஓம் ஒரே சீராக இறங்க வேண்டும். இடையில் துள்ளினால் வேறு வாங்க வேண்டியதுதான். கடல் மட்டத்தில் இருக்கிற எங்களுக்கு ஒரு வசதி: கொதித்தால் அது 100 பாகை. நுவரெலியாவில் இதே பாத்திரம் ஏறக்குறைய 94லேயே கொதித்துவிடும்.

கொழும்புப் பஞ்சிகாவத்தையில் பழைய சாமான் வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. புரி ஒன்றாக இருந்து உள்ளே ஓம் வேறாக இருக்கிற சென்சர்கள் ஏராளம். பழையது முழுதாகச் சாகவில்லை என்றால் இரண்டையும் ஒரே பாத்திரத்தில் வைத்து ஒப்பிட்ட பிறகே பூட்டுங்கள். புரியில் வெள்ளை ரேப்பைச் சுற்றிச் சுற்றி இறுக்குவதும் வேண்டாம். ஒற்றை வயர் சென்சருக்கு அந்தப் புரிதான் எர்த். கிணற்றுத் தண்ணீரையே ஊற்றி வந்த கார் என்றால் சென்சரின் நுனியில் சுண்ணாம்புப் படை பிடித்திருக்கும், அதனால் முள் பிந்தித்தான் நகரும். கூலன்ற் வாங்கி ஊற்றுங்கள்.

கூட்டிக் காட்டுகிற முள் பயமுறுத்தும், அவ்வளவுதான். எஞ்சினைக் கொல்வது குறைத்துக் காட்டுகிற முள். ஹோஸ் வெடித்துத் தண்ணீர் முழுக்க இறங்கிவிட்டால் சென்சரின் நுனி வெறும் காற்றில் நிற்கும். எஞ்சின் வெந்துகொண்டிருக்க, முள் சாவகாசமாகக் கீழே இறங்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது முள் காரணமில்லாமல் சடாரென்று விழுந்தால் உடனே ஓரங்கட்டி எஞ்சினை நிற்பாட்டுங்கள். ரேடியேற்றர் மூடியைத் தொடாதீர்கள். அழுத்தத்தில் இருக்கிற தண்ணீர் 100 பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும், திறந்த கணத்தில் முகத்தில் பாயும். மேல் ஹோஸைக் கையால் பிடிக்க முடிகிற அளவுக்கு ஆறட்டும். பிறகு துணியைப் போட்டு மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகுங்கள். பச்சைத் தண்ணீரை ஒரேயடியாக ஊற்றினால் சூடான ஹெட் வெடிக்கும். எஞ்சினை ஸ்ராட் பண்ணி, சிறுகச் சிறுக ஊற்றுங்கள்.