மலைமேல் ஒரு சேம நிதி

நெசவாளருக்கும் விவசாயிக்கும் மழைக்காட்டோடு என்ன தொடர்பு என்று அங்கத்தினர் சிலர் வினவக்கூடும். தாமிரபரணிக் கரையில் நெல் பயிரிடுவோரும் பத்தமடையில் கோரைப்பாய் நெய்வோரும் அவ்வாறு வினவமாட்டார்கள் என்றே நாம் எண்ணியிருந்தோம். ஆனால் சென்ற தை மாதம், சங்க அங்கத்தினர் பதினொருவருடன் மாஞ்சோலைக்கு அப்பாலுள்ள காட்டைக் காணப் புறப்பட்டபொழுது, அவர்கள் முதலிற் கேட்ட கேள்வியே அதுதான்.

வனத்துறையின் அனுமதி பெற்று, மணிமுத்தாறு அணையைக் கடந்து ஏறினோம். அடிவாரத்தில் முட்செடிகளும் புதர்களும். சற்று மேலே இலையுதிர் மரங்கள். அதற்கும் மேலே வெயிலே தரையில் விழாத பச்சை இருள். திருநெல்வேலி நகரில் ஆண்டுக்குச் சுமார் 700 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மேலே நாலுமுக்கு, ஊத்துப் பகுதிகளில் அது 3,000 மில்லிமீட்டருக்கும் அதிகம். தென்மேற்குப் பருவம், வடகிழக்குப் பருவம் ஆகிய இரண்டும் இம்மலையை நனைக்கின்றன.

வழிகாட்ட வந்த வனக் காவலர் எல்லோருக்கும் முழங்காலளவு துணியுறைகளைக் கொடுத்தார். நாம் அவற்றைச் சற்று அலட்சியமாகக் கட்டிக்கொண்டோம். அரை மணிக்குள் நமது காலில் நான்கு அட்டைகள்! நம்முடன் வந்த நெசவாளர் ஒருவர் உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "ஐயா, இழை நெருங்கியிருந்தால் அட்டை நுழையாது. துணியில் குறையில்லை, நீங்கள் கட்டிய விதத்தில்தான் குறை" என்றார். தணிக்கை செய்யச் சென்றவரைத் தணிக்கை செய்துவிட்டார்.

காட்டினுள் நம்மை வியக்கச் செய்தது வெடிப்பலா என்னும் மரம். கிளையின் பட்டையைப் பிளந்துகொண்டு கொத்துக் கொத்தாகப் பூக்கும். கோடையிலே வேறு கனிகள் அருகும் காலத்தில், வௌவாலும் அணிலும் குரங்கும் இப்பூக்களைத் தேடி வருகின்றன. முள் நிறைந்த இதன் காய் சிங்கவால் குரங்கின் முக்கிய உணவுகளில் ஒன்று. இக்குரங்கு கர்நாடகம், கேரளம், தமிழ்நாடு ஆகிய மூன்று மாநிலங்களின் மேற்குத் தொடர்ச்சி மலையிலன்றி உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழ்வதில்லை. மரக்கிளை மரக்கிளையோடு கோத்திருக்கும்வரைதான் அதற்கு வழி உண்டு. இடையிலே ஒரு பெரிய வெட்டவெளி விழுந்தால் வழி அடைபட்டுப் போகும்.

பாதையோரத்தில் மண் சரிந்திருந்த இடத்தில் முதிய விவசாயி ஒருவர் நின்றுவிட்டார். மேலே நாலு விரல் கனத்திற்கு இலைச் சருகும் கரிய மக்கும்; அதன் கீழே செம்மஞ்சள் நிறக் களிமண். "தம்பி, இவ்வளவுதானா சத்து? நூறடி மரம் எப்படி நிற்கிறது?" என்று காவலரைக் கேட்டார். கேள்வி மிகச் சரியானது. மழைக்காட்டின் செல்வம் மண்ணில் அதிகம் இல்லை, மரத்திலேயே இருக்கிறது. விழுந்த இலை விரைவில் மக்குகிறது. மேலாகப் படர்ந்த வேர்கள் அச்சத்தை உடனே எடுத்துக்கொள்கின்றன. மரத்தை வெட்டிவிட்டால், பெருமழை அந்த மெல்லிய மேல்மண்ணைக் கழுவிச் செல்லும். செழிப்பான காடு இருந்த இடம் என்று நம்பி உழுபவன் ஏமாறுவான்.

பிறகு நாம் ஒரு சிறு சோதனை செய்தோம். ஒரு செம்பு நீரை மிதிபட்டு இறுகிய பாதையிலே ஊற்றினோம். அது சரிந்தோடி விட்டது. இன்னொரு செம்பைச் சருகின்மேல் ஊற்றினோம். ஓசையின்றி உள்ளே இறங்கியது. பத்து நாட்களாக அங்கு மழை இல்லை. ஆயினும் பக்கத்து ஓடையில் தெளிந்த நீர் சலசலத்துக்கொண்டிருந்தது. உள்ளே இறங்கிய நீர்தான் மெல்ல மெல்ல ஊறி வெளிவருகிறது.

சங்கங்களின் நிகர லாபத்தில் ஒரு பங்கைச் சேம நிதிக்கு ஒதுக்க வேண்டும் என்று சொல்லும்பொழுதெல்லாம் முகம் சுளிக்கும் அங்கத்தினர்கள், அங்கே நமது முகத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். உவமை அவர்களுக்கே தோன்றிவிட்டது. தாமிரபரணி பொதிகையில் தோன்றிப் புன்னைக்காயலில் கடலிற் கலக்கும் வரை, எட்டு அணைக்கட்டுகள் மூலம் சுமார் 86,000 ஏக்கருக்கு நீர் அளிக்கிறது. பாபநாசம், மணிமுத்தாறு அணைகள் நடப்புக் கணக்கு எனலாம். காடுதான் சேம நிதி.

ஆனால் சேம நிதியை யாருடைய செலவில் காப்பது? இக்கேள்வியை விட்டு நாம் திரும்ப முடியாது. 1990-களில் களக்காடு–முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில், விறகு சுமந்து பிழைத்தோருக்கு வேறு தொழில் செய்யச் சுழல்நிதிக் கடன் அளிக்கும் கிராம வனக் குழுக்கள் அமைக்கப்பட்டன. தடியால் மட்டும் காக்க முடியாத காட்டைக் கணக்குப் புத்தகத்தாலும் காக்க முயன்றார்கள். இது நமது துறையினர் கூர்ந்து பயில வேண்டிய முறை.

மாஞ்சோலையின் கதை அவ்வளவு எளிதன்று. 1929-ஆம் ஆண்டில் சிங்கம்பட்டி ஜமீனிலிருந்து 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்ற எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட ஏக்கர் காட்டின் ஒரு பகுதி தேயிலைத் தோட்டமாயிற்று. தலைமுறை தலைமுறையாக அங்கே கொழுந்து பறித்தவர்கள், 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வேலை நிறுத்தப்பட்டு விருப்ப ஓய்வின் பேரில் அனுப்பப்பட்டார்கள். தோட்டத்தை அரசுத் தேயிலைக் கழகம் ஏற்று நடத்த வேண்டும் என்ற கோரிக்கையைச் சென்னை உயர்நீதிமன்றம் அவ்வாண்டு டிசம்பரில் ஏற்கவில்லை. கவாத்து செய்யாமல் விட்ட தேயிலைச் செடிகள் மரமாக வளரத் தொடங்கியிருப்பதைக் கண்டோம். காடு திரும்பட்டும், நமக்கு அதில் மாறுபாடில்லை. ஆனால் கீழே 86,000 ஏக்கர் பெறும் நன்மையின் விலையை, மேலே கூலிக்கு உழைத்த சில நூறு குடும்பங்களே செலுத்துவது எந்தக் கணக்கில் சேரும்? அன்று மாலை இதை விவாதித்த அங்கத்தினர்களுள் ஒத்த கருத்து ஏற்படவில்லை.

இறங்கி வரும்பொழுது பத்தமடையில் நின்றோம். ஓடும் நீரில் ஊறவைத்த கோரையைப் பெண்கள் கத்தியால் இழை இழையாகக் கிழித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுள் மூத்த அம்மாள் ஒருவர் நிமிர்ந்து, "மேலே ஓடையில் தண்ணீர் இருக்கிறதா?" என்று கேட்டார். இருக்கிறது என்றோம்.