ஓடும்போது வலுவிழக்கும் மின் ஸ்கூட்டர்

1990 இல் பொருளாதாரத் தடை வந்தபின் குடாநாட்டில் மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினோம். 2022 இல் எரிபொருள் வரிசைகள் நீண்டபோது பலர் மின் ஸ்கூட்டரைத் தேடினர். இடம்பெயர்ந்து மீண்டவர்களுக்கு மரக்கறியை இறங்குதுறைக்குக் கொண்டுசெல்ல அது நல்ல துணை. ஆனால் நயினாதீவில் அது பாதிவழியில் நின்றால், திருத்துநரைத் தேடிக் குறிகட்டுவானுக்குப் படகேற வேண்டியிருக்கும். "பற்றரி எல்லாம் போய்விட்டது" என்று ஒரே வார்த்தையில் முடிப்பவர்களும் உண்டு. அந்தச் செலவுக்கு முன் நாமே சிலவற்றைப் பார்க்கலாம்.

ஈயப் பற்றரி பொருத்திய 60 வோல்ற் வண்டியை எடுத்துக்கொள்வோம். அதில் 12 வோல்ற் பற்றரிகள் ஐந்து, ஒன்றன்பின் ஒன்றாக இணைந்திருக்கும். அவற்றுள் ஒன்று நலிந்தால் மற்ற நான்கும் நன்றாக இருந்தும் பயனில்லை. ஓடும்போது அதன் அழுத்தம் சட்டென இறங்கும். மொத்தம் ஏறத்தாழ 52 வோல்ற்றுக்குக் குறைந்ததும் கட்டுப்பாட்டுப் பெட்டி மோட்டாரை நிறுத்திவிடும். சற்று ஓய்வு கொடுத்தால் அழுத்தம் மீளும், வண்டி கொஞ்சத் தூரம் ஓடும், மறுபடி நிற்கும். சோளகக் காற்றை எதிர்த்து ஓடும்போது இது இன்னும் விரைவில் தெரியவரும்.

சும்மா நிற்கும் பற்றரியை அளந்தால் ஏமாறுவோம், கெட்டதும் 12.6 காட்டக்கூடும். முழுதாகச் சார்ஜ் செய்து, பற்றரிகளைப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 55 வாற் கார் முன்விளக்குப் பல்பைக் கால் மணித்தியாலம் எரியவிட்டு மீற்றரால் அளவுங்கள். நான்கு 12க்கு மேல் நிற்க, ஒன்று மட்டும் 11க்குக் கீழே போனால் குற்றவாளி அதுதான். அதற்குப் பதிலாகப் புத்தம்புதியதைப் போடுவதைவிட, அதே அளவும் ஏறத்தாழ அதே வயதும் உள்ளதைப் போடுவது பொருத்தம்.

கழற்றுமுன் சாவியை நிறுத்திப் பிறேக்கரையும் இறக்குங்கள். மோதிரம், காப்பு கையில் வேண்டாம். ஸ்பானர் இரு முனைகளிலும் ஒருசேரப் பட்டால் தீப்பொறி பறக்கும். லிதியம் பற்றரியென்றால் பெட்டியை வீட்டில் திறக்கவே வேண்டாம்.

ஐந்தும் ஒரே மாதிரி நின்றால் இணைப்புகளைப் பாருங்கள். படகில் ஏற்றும்போது தெறிக்கும் கடல்நீரும் உப்புக்காற்றும் முனைகளில் வெள்ளையாகவும் பச்சையாகவும் பூக்கும். ஓடி நின்றதும் வண்டியை நிறுத்திவிட்டு, வயரின் உறைமேல் தொட்டுப் பாருங்கள். மற்றவற்றைவிட எந்த இணைப்பு சூடோ அங்கேதான் வலு வீணாகிறது. அப்பச்சோடா கரைத்த நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உலர்த்தி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் பூசுங்கள். உருகிக் கருகிய இணைப்பானை மாற்றத்தான் வேண்டும்.

வலு மெல்லக் குறையாமல் ஒரேயடியாக அற்றுப்போனால், பிறேக் பிடிக்காத வேளையிலும் பின்விளக்கு பிரகாசமாக எரிகிறதா என்று பாருங்கள். பிறேக் சுவிச்சில் மணலோ துருவோ சிக்கினால் அது மோட்டாருக்குப் போகும் மின்னை நிறுத்திவிடும். பிறேக் பிடியைச் சுத்தம் செய்து சுவிச்சை விடுவித்தாலே பல வண்டிகள் ஓடிவிடும்.