சாவிக்காடி வெட்டும் முறை

மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது, அதன் தண்டில் மாட்டிய கப்பியோ தடதடவென்று ஆடுகிறது, அல்லது சுற்றாமலே நின்றுவிடுகிறது. நாற்று நட்ட வயலுக்குத் தண்ணீர் விடவேண்டிய நாளிலும், கடலை உடைக்கும் யந்திரத்தின் முன் மூட்டைகள் காத்திருக்கும் நாளிலும், நூல் சுற்றும் யந்திரத்தை நம்பித் தறி நிற்கும் நாளிலும் இவ்விதம் நேர்ந்தால் நஷ்டம் யாருடையது என்று நம் அங்கத்தினர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பழுதை ஆராய்ந்தால், பல சமயங்களில் விரல் நீளமுள்ள ஓர் எஃகுத் துண்டில் வந்து முடியும். தண்டையும் கப்பியையும் பிணைக்கும் அத்துண்டுக்குச் சாவி என்று பெயர். பட்டறைகளில் ‘கீ’ என்பார்கள். அது அமர்வதற்காகத் தண்டிலும் கப்பியின் துளையிலும் வெட்டும் பள்ளமே ‘கீவே’ எனப்படும் சாவிக்காடி.

ஓமந்தூர், கிளியனூர், திண்டிவனம் பக்கங்களில் விவசாயமும் யந்திரமும் ஒன்றையொன்று விட்டுப் பிரியாதவை. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் பெயரைத் தாங்கிய டி.எம்.வி. கடலை ரகங்களை அறியாத குடியானவர் இங்கே குறைவு. 1947 மார்ச் முதல் 1949 ஏப்ரல் வரை சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியாக இருந்த ராமசாமி ரெட்டியாரும் இவ்வூர் விவசாயியே. கோயம்புத்தூரில் 1937-ஆம் ஆண்டு ஜி. டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் மின்சார மோட்டார் செய்து காட்டிய பின், அந்நகரத்து மோட்டாரும் பம்பும் நம் கிணற்று மேடுகளுக்கு வந்து சேர்ந்தன. வாங்குவதற்குக் கற்றுக்கொண்ட அளவுக்கு அவற்றைச் செப்பனிடும் முறையை நாம் கற்றுக்கொள்ளவில்லை என்பதே நமது அபிப்பிராயம்.

ஐந்து குதிரைசக்தி மோட்டார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நிமிஷத்துக்கு 1,440 சுற்றுச் சுற்றும் இவ்வகை மோட்டாரின் தண்டு பெரும்பாலும் 28 மில்லிமீட்டர் குறுக்களவுள்ளது. முழுப் பாரத்தில் ஓடும்போது சாவியின் பக்கவாட்டில் விழும் அழுத்தம் ஏறக்குறைய 180 கிலோ எடைக்குச் சமம். துவக்கும் நொடியில் அது இருமடங்குக்கு மேலும் போகக்கூடும். இவ்வளவையும் தாங்குவது சாவியின் இரு பக்கச் சுவர்களே. அதன் தலை எதையும் தாங்குவதில்லை. இத்தண்டுக்குரிய சாவி 8 மி.மீ. அகலமும் 7 மி.மீ. உயரமும் உடையது. தண்டில் 4 மி.மீ., கப்பியில் 3.3 மி.மீ. ஆழம் வெட்டுவர். கூட்டினால் 7.3, ஆகவே சாவியின் தலைக்கு மேல் 0.3 மி.மீ. இடைவெளி வேண்டுமென்றே விடப்படுகிறது. (பழைய லிஸ்டர் வகை எண்ணெய் எஞ்சின்களின் சக்கரத்தில் அடிக்கும் தலையுள்ள ஆப்புச்சாவி வேறு இனம், அது மேலும் கீழும் இறுகிப் பிடிப்பது. இரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது.)

காடியின் அகலம் 8.000-க்கு மேலும் 7.964-க்குக் கீழும் போகாமல் இருப்பது வழக்கமான அளவு. உளியும் அரமும் கொண்டு இதைச் சாதிக்கும் கை அருமையாகிவிட்டது. இங்கேதான் சி.என்.சி. எனப்படும் சிறிய மில்லிங் யந்திரம் உதவுகிறது. எண்களால் எழுதிய கட்டளைக்கு அடங்கி நடக்கும் மில்லிங் யந்திரத்தை 1952-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் முதன்முதலில் செய்து காட்டினர். இன்று ஒரு மேஜைமேல் வைக்கத்தக்க அளவிலும் அது கிடைக்கிறது.

முதல் வேலை தண்டைப் பிடிப்பது. உருண்டையான தண்டைச் சமதளத் தாடையில் மட்டும் இறுக்கினால் உருளும். ஆகையால் ‘வி’ கட்டையில் அமர்த்தி, வெட்டும் இடத்துக்கு நேர் கீழே ஆதாரம் இருக்கும்படி இறுக்கவேண்டும். மேஜைக்கு வெளியே நீளும் முனைக்கும் ஒரு முட்டு அவசியம்.

அடுத்தது மையம் காண்பது. தண்டின் இரு பக்கங்களையும் தொட்டு, இரண்டு அளவுகளுக்கும் நடுவை எடுப்பதே நம்பகமான வழி. ஆழத்தைத் தண்டின் உச்சியிலிருந்தே கணக்கிட வேண்டும். உச்சியில் 4 மி.மீ. ஆழமுள்ள காடியின் ஓரத்தில், வளைவின் காரணமாக 3.42 மி.மீ. சுவரே எஞ்சும். ஓரத்தில் 4 மி.மீ. அளந்து பார்த்து ‘சரி’ என்று விட்டவர், தண்டை அரை மில்லிமீட்டருக்கு மேல் அதிகமாகத் தோண்டிவிட்டார் என்பதே பொருள். காடியின் அடியிலிருந்து தண்டின் மறுபுறம் வரை அளந்து, 24 மி.மீ. இருக்கிறதா என்று பார்ப்பது பிசகாத சோதனை.

8 மி.மீ. காடிக்கு 8 மி.மீ. வெட்டியையே செலுத்துவது பலரின் வழக்கம். சிறிய யந்திரத்தில் இது ஆகாது. வெட்டி தன் மையத்திலிருந்து 0.02 மி.மீ. விலகிச் சுற்றினாலும் காடி 0.04 மி.மீ. அகன்றுவிடும், தவிர, முழு அகலமும் ஒரே சமயத்தில் வெட்டப்படுகையில் வெட்டி ஒரு பக்கமாக வளைந்து, காடியே மையம் தவறுகிறது. 6 மி.மீ. வெட்டியை எடுத்துக்கொள்வோம். ‘இ.என்.8’ எஃகுக்கு, அதிவேக எஃகு வெட்டியாயின், நிமிஷத்துக்கு உத்தேசமாக 1,060 சுற்று. இரு பற்களுக்கும் சேர்த்து நிமிஷத்துக்கு 42 மி.மீ. நகர்வு. காடியின் நீளம் 50 மி.மீ. என்றால், இரு முனை வளைவுகளின் மையங்களுக்கிடையே 42 மி.மீ. உண்டு, அந்தக் கோட்டில் வெட்டி போவதும் வருவதுமாக, ஒவ்வொரு நடைக்கும் 0.4 மி.மீ. சரிந்து இறங்கட்டும். நேராகக் குத்தி இறக்குவது வெட்டியின் முனையை உடைக்கும். பத்து நடையில் 4 மி.மீ. ஆழம் வந்துவிடும், அடியைச் சமப்படுத்த இறுதியில் இறங்காத நடை ஒன்று.

பின்னர் இரு சுவர்களையும் தனித்தனியே சீவவேண்டும். கடைசி அளவுக்குச் சற்றுக் குறைவாகவே நிறுத்தி, தண்டைக் கழற்றாமல் அளந்து பார்க்கவேண்டும். 7.90 என்று வந்தால், 7.98 பெறுவதற்குப் பக்கத்துக்கு 0.04 மி.மீ. கூட்டினால் போதும். யந்திரத்தின் திருகில் தளர்ச்சி இருந்தால், வெட்டியின் சுழற்சி மேஜையை இழுத்துச் செல்லாத திசையிலேயே நகர்த்துவது பாதுகாப்பானது.

காடியின் அடி மூலைகளைக் கத்திபோல் கூர்மையாக விடலாகாது. கப்பியின் பெல்ட்டு இழுக்கும் இழுப்பில் தண்டு சுற்றுக்கொரு முறை வளைகிறது. நாளொன்றுக்கு லட்சக்கணக்கான வளைவுகள். வெடிப்பு துவங்கும் இடம் அந்த மூலைதான். 0.16 முதல் 0.25 மி.மீ. வரை மழுங்கல் இருக்கவேண்டுமென்பது நியமம். அதற்கேற்ற முனை மழுங்கிய வெட்டிகள் கடையில் கிடைக்கின்றன.

தேய்ந்த காடியில் தகரத்தைச் செருகுவதையும், பற்றவைத்து நிரப்பி அதே இடத்தில் மறுபடியும் வெட்டுவதையும் நாம் ஆதரிப்பதற்கில்லை. பற்றவைத்த சூட்டில் தண்டு கோணும். ஓரம் கடினப்பட்டு வெடிக்கும். பளு குறைந்த வேலைக்காயின் எதிர்ப்புறத்தில் புதுக் காடி வெட்டலாம். தண்டின் வலிமை அதனால் ஓரளவு குறையும். பம்புக்குப் புதுத் தண்டே சிக்கனம்.

கப்பியின் உட்காடியை இந்த யந்திரத்தில் வெட்ட நினைக்கவேண்டாம். வெட்டியைச் சுற்றாமல் நிறுத்தி இழைப்புளிபோல் இயக்குவோரும் உண்டு; அடி முழுதும் சுழல்தண்டின் பேரிங்கில் விழுகிறது. அதைத் திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ ஸ்லாட்டிங் யந்திரம் உள்ள பட்டறைக்குக் கொடுப்பதே மேல். கொடுக்கையில் சாவியையும் தண்டையும் கூடவே அனுப்புக. திரும்பி வந்ததும், துளையின் ஒரு புறத்திலிருந்து எதிர்ப்புறக் காடியின் அடிவரை 31.3 மி.மீ. இருக்கிறதா என்று அளந்து பார்த்த பிறகு கூலியைக் கொடுக்கலாம்.