பூட்ட மறந்ததும் பூட்டியதை மறந்ததும்

அன்புள்ள கண்ணு,

உன் கடிதம் கிடைத்தது. ஓர் இங்கிலீஷ் வினைச்சொல்லுக்குப் பின்னால் 'டு' வருமா, 'இங்' வருமா என்று திண்டாடுவதாக எழுதியிருக்கிறாய். "காதுக்குச் சரியாகப் படுவதை எழுது" என்று சொல்லும் புத்தகம் உனக்கு உதவாது. செம்மேட்டு விடுதியில் இங்கிலீஷைக் காதால் கேட்டுப் பழக வழி ஏது? ஆனால் உன்னிடம் தமிழ் இருக்கிறது. இந்தப் பாடத்தில் பாதியைத் தமிழே சொல்லிக்கொடுத்துவிடும்.

'கதவைப் பூட்ட மறந்தேன்', 'கதவைப் பூட்டியதை மறந்தேன்.' முதலாவதில் கதவு திறந்து கிடக்கிறது. அடுத்ததில் பூட்டுத் தொங்குகிறது, நினைப்புதான் இல்லை. முதலாவது, 'ஐ ஃபர்காட் டு லாக் த டோர்.' அடுத்தது, 'ஐ டோன்ட் ரிமெம்பர் லாக்கிங் த டோர்.' இனி நடக்க வேண்டியதற்கு 'டு', நடந்து முடிந்ததற்கு 'இங்'.

கொல்லிமலை அடிவாரத்துக் காரவள்ளியில், 70 கொண்டை ஊசி வளைவு ஏறுவதற்கு முன் டிரைவர் டீ குடிக்க வண்டியை நிறுத்துகிறார் என்று வை. அது 'ஸ்டாப்ட் டு டிரிங்க் டீ.' வயிற்றுப் புண் வந்து டீ குடிப்பதையே நிறுத்திவிட்டார் என்றால் 'ஸ்டாப்ட் டிரிங்கிங் டீ.' மாற்றி எழுதினால் பாவம், அவருக்கு டீயே கிடைக்காது. 'டிரை' என்ற சொல்லுக்கும் இப்படி இரண்டு பொருள். சளிக்கு மிளகுக் கஷாயம் குடித்துப் பார் என்பது 'டிரை டிரிங்கிங்'. இறுகிப்போன கதவைத் திறக்க முயன்றேன் என்பது 'டிரைட் டு ஓப்பன்.'

இந்த 'டு' பழைய காலத்தில் 'நோக்கி' என்று திசை காட்டிய சொல்தான். நம் 'கு' உருபைப் போல. தொல்காப்பியர் வினையெச்ச வாய்பாடுகளில் 'செய'வுக்குப் பக்கத்திலேயே 'செயற்கு' என்பதையும் வைத்திருக்கிறார். 'டு' இப்படித் திசை காட்டுவதால்தான் வான்ட், ஹோப், டிசைட், பிளான், பிராமிஸ் எல்லாம் 'டு' கேட்கின்றன; அவற்றின் முகம் வரப்போகும் செயலைப் பார்த்திருக்கிறது.

தமிழ் காலை வாரிவிடும் இடமும் உண்டு. 'படிக்கப் பிடிக்கும்' என்று பேசிய வாயால் 'என்ஜாய் டு ரீட்' என்று எழுதிவிடுவாய். தப்பு. 'என்ஜாய் ரீடிங்' என்பதே சரி. மிளகு பறித்து முடித்தோம் என்பதற்கு 'ஃபினிஷ்ட் பிக்கிங்.' அவாய்ட், ப்ராக்டிஸ், மைண்ட், சஜெஸ்ட் ஆகியவையும் 'இங்' கட்சிதான். இதில் 'சஜெஸ்ட்' இனி நடக்கப்போவதைச் சொல்லும் சொல்லாயிற்றே என்று நீ கேட்பாய். நியாயமான கேள்வி. நான் சொன்ன விதி முக்கால்வாசிக்குத்தான் வழி காட்டும். 'மேனேஜ்' வேலை முடிந்த பிறகும் 'டு'வையே பிடித்துக்கொண்டிருக்கும். இவற்றைத் தனிச் சொல்லாக மனப்பாடம் செய்யாதே; உன் நாளில் நிஜமாக நடந்த ஒன்றை வைத்து வாக்கியமாக எழுது, நிற்கும்.

இன்னொன்று. கடிதத்தை முடிக்கும்போது 'லுக்கிங் ஃபார்வர்ட் டு சீ யூ' என்று எழுதியிருந்தாய். அங்கே உள்ள 'டு' வெறும் வேற்றுமை உருபு மாதிரி. அதற்குப் பின் பெயர்ச்சொல்தான் வரும். 'பார்த்தல்' என்ற தொழிற்பெயரின் வேலையைச் செய்வது 'சீயிங்'. ஆகவே 'லுக்கிங் ஃபார்வர்ட் டு சீயிங் யூ.' ஓரி விழாவுக்கு ஊருக்கு வரும்போது, 'ஸ்டாப்', 'ரிமெம்பர்', 'டிரை' மூன்றையும் இரண்டு விதமாகவும் எழுதி எடுத்துக்கொண்டு வா. திண்ணையில் உட்கார்ந்து திருத்துவோம்.

அன்புடன்,
அத்தை