அடியன் என்ற சொல்லும் மைத்திரி பாவனையும்

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையின் வாயிலைக் கடந்து பத்மநாபசுவாமி கோயிலை நோக்கிச் செல்வோர், பத்மதீர்த்தக் குளத்திற்கு எதிரே மேத்தன் மணி என்னும் பழைய கடிகாரத்தைக் காண்பர். தாடியுடைய ஒரு முகம்; அதன் இருபுறமும் இரண்டு ஆடுகள். மணி அடிக்குந்தோறும் முகம் வாய் திறக்க, ஆடுகள் அதன் கன்னங்களில் முட்டும் வண்ணம் 19ஆம் நூற்றாண்டில் அமைத்திருக்கின்றனர். குழந்தைகளுக்கு நல்ல வேடிக்கை. ஆயினும், இவ்வாறு இரு கன்னங்களிலும் இடி வாங்கிக்கொண்டு நிற்பதே மைத்திரி என்று எண்ணுவோர் நம்மவருள் உளர். அவர்களோடு சிறிது பேச விரும்புகிறோம்.

முதலில் நம் குற்றத்தைச் சொல்லிவிடுதல் முறை. கோட்டைக்கு வெளியே உள்ள சாலைக் கடைத்தெருவில் ஒருநாள் அரிசி மூட்டை வாங்கினோம். அதனைச் சுமந்து வந்தவர் தமிழர்; நம் தமையனாரினும் மூத்தவர். அவர் மூட்டையை ஈரத்தரையில் இறக்கப் போனதும், "டேய், அங்கே வைக்காதே!" என்று கூவிவிட்டோம். அவர் மூட்டையைத் திண்ணைமேல் வைத்து, தலைத்துண்டை உதறிக்கொண்டு, "ஐயா, என் வயசுக்கு அந்தச் சொல் வேண்டாமே" என்றார். அன்று காலையில்தான் திரிசரணமும் பஞ்சசீலமும் ஓதி, எல்லா உயிர்களும் இன்புறுக என்று கண்மூடி அமர்ந்திருந்தோம்!

இச்சொல் நம் நாவிற்கு எங்கிருந்து வந்தது? இதே திருவிதாங்கூரில் புலையர் முதலிய மக்கள், மேற்சாதியார்முன் 'நான்' என்று சொல்லக் கூடாதிருந்தது. 'அடியன்' என்றே சொல்ல வேண்டியிருந்தது. தாம் உண்ணும் சோற்றைச் சோறு என்னாது 'கரிக்காடி' என இழித்துக் கூற வேண்டியிருந்தது. 1871இல் வெளியான தம் நூலில் பாதிரியார் சாமுவேல் மெட்டீர் இவற்றைப் பதிவு செய்திருக்கிறார். 1855லேயே அடிமை முறை அரசு விளம்பரத்தால் ஒழிக்கப்பட்டது, சொல்லோ ஒழியவில்லை. 1893இல் அய்யன்காளி வில்லுவண்டியேறிப் பொதுச்சாலையில் சென்றார். வைக்கத்தில் 1924, 1925 ஆகிய ஆண்டுகளில் கோயிலைச் சூழ்ந்த வீதிக்காகப் போராட்டம் நடந்தது. 1936 நவம்பர் 12ஆம் நாள் கோயில் நுழைவு விளம்பரம் வந்தது. வீதி திறந்தது, கதவு திறந்தது. 'டேய்' என்று அழைக்கப்பட்ட தந்தையரின் மக்களாகிய நாமோ, சுமைக்கூலி கொடுக்கும் நிலை வந்தவுடன் அச்சொல்லை வேறொருவர்மேல் எறிகிறோம். கற்கோட்டையினும் சொற்கோட்டை வலிது போலும்.

வந்தனை என்பது இங்கே எதற்குப் பயன்படும்? ராஜகிருகத்தில் சிகாலன் என்னும் இல்லறத்தான் நாள்தோறும் நீராடி, ஈர உடையோடு ஆறு திசைகளையும் கைகூப்பித் தொழுதான். பகவான் அத்தொழுகையைத் தடுக்கவில்லை. அதன் பொருளை மாற்றினார். கிழக்கு பெற்றோர், தெற்கு ஆசிரியர், மேற்கு மனைவி மக்கள், வடக்கு நண்பர், மேலே துறவியர், காலடிக்குக் கீழேயுள்ள திசை வேலையாட்கள். ஆற்றலுக்கேற்ற வேலை, உணவும் கூலியும், நோயில் பராமரிப்பு, சுவையான உண்டியில் பங்கு, உரிய காலத்தில் ஓய்வு ஆகிய ஐந்தால் அத்திசையைத் தொழவேண்டும் என்றார். வேலையாளை ஒரு திசையாக வைத்து வணங்கச் சொன்ன இவ்வுபதேசத்தைப் படித்தும் நாம் 'டேய்' என்றோம். படிப்பு போதாது, பாவனை வேண்டும்.

பாவனையின் முறையை 5ஆம் நூற்றாண்டில் ஆசாரிய புத்தகோசர் விசுத்திமார்க்கத்தில் விரித்துரைக்கிறார். அநுராதபுரத்து மகாவிகாரையில் இருந்து எழுதிய இவர், முன்னர் நம் காஞ்சியில் ஜோதிபாலர் என்னும் பிக்குவுடன் வாழ்ந்தவர். ஆதலின் தமிழருக்கு முற்றும் அயலார் அல்லர். அவர் கூறும் வரிசையாவது: முதலில் தான், பிறகு மதிப்பிற்குரிய ஆசிரியர் போன்றவர், பிறகு நெருங்கிய நண்பர், பிறகு விருப்பும் வெறுப்பும் அற்ற நடுவர், இறுதியில் பகைவர்.

தன்னில் தொடங்குவது தன்னலமன்றோ என்று நம் வகுப்பில் ஓர் அன்பர் வினவினார். அன்று. நாம் இன்பத்தை விரும்பித் துன்பத்தை அஞ்சுவது போன்றே பிறரும் என்பதற்கு நம் நெஞ்சே சாட்சி. தலைமுறை தலைமுறையாக 'அடியன்' என்று சொல்லப் பழக்கப்பட்டவர்க்கு இம்முதற்படியே கடினமானது. தன்னை இழிவாக எண்ணுபவன் பிறரை இரண்டு வகையாகத்தான் காண்பான்: அஞ்சத்தக்கவர், அதட்டத்தக்கவர். சமமானவர் அவன் கண்ணுக்குப் புலப்படார்.

இதனைத் தெளிவாக்கும் ஓர் உவமை அந்நூலில் உண்டு. தான், நண்பர், நடுவர், பகைவர் ஆகிய நால்வரும் ஓரிடத்தில் அமர்ந்திருக்கின்றனர். கள்வர் வந்து, பலியிட ஒருவரைத் தருக என்கின்றனர். இன்னாரைக் கொண்டுபோங்கள் என்று நினைப்பவன் எல்லையை உடைக்கவில்லை. 'என்னைக் கொண்டுபோங்கள், இம்மூவரை விடுங்கள்' என்பவன்? அவனும் உடைக்கவில்லை! நால்வருள் ஒருவரையும் கொடுக்க மனம் வராதபோதே எல்லை உடைகிறது. இதற்குச் சீமாசம்பேதம் என்று பெயர். தன்னையே பலியாகக் கொடுக்கும் பணிவைக்கூட மைத்திரி என்று ஆசாரியர் ஒப்பவில்லை. ஆகவே நயமாகப் பேசுதல் என்பது மீண்டும் அடியனாகுதல் அன்று. அநீதியைக் கண்டவிடத்து உரக்கச் சொல்லலாம். 'டேய்' என்று சொல்லத் தேவையில்லை. அண்ணல் அம்பேத்கர் 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் வழங்கிய 22 உறுதிமொழிகளில் எல்லா உயிர்களிடத்தும் கருணை காட்டுதலையும் சேர்த்தார். வாழ்நாள் முழுதும் போராடியவர் அவர்.

பகைவரை நினைத்தால் பாவனை குலைகிறதே என்பார்க்கு ஆசாரியர் பல வழிகள் காட்டி, முடிவில் ஏதேனும் ஒன்றைக் கொடுத்துப் பார் என்கிறார். தம்மை மும்முறை இருப்பிடத்திலிருந்து எழுப்பிவிட்ட மூத்த தேரருக்கு, தம் தாய் அளித்த எட்டுக் காசு மதிப்புள்ள பாத்திரத்தையே ஒரு தேரர் கொடுத்தாராம்.

நம் அனுபவத்தில் பகைவரினும் நடுவரிடமே வழுக்கல் மிகுதி. பகைவரிடம் எச்சரிக்கையாகப் பேசுகிறோம். பேருந்து நடத்துநர், சில்லறை தரும் கடைச்சிறுவன், வாயில் பெருக்கும் அம்மையார் ஆகியோரிடம் நாக்கு காவலின்றித் திரிகிறது. ஆதலின் காலை வந்தனைக்குப்பின் கால்மணி நேரம் அமருங்கால், நான்காம் இடத்தில் மொத்தமாக 'எல்லா மக்களும்' என்று வைக்காமல், நேற்றுக் கண்ட ஒருவரின் முகத்தை வைத்துப் பாருங்கள். அவரை எவ்வாறு விளித்தோம் என்பது உடனே நினைவுக்கு வரும். முதல் சில நாட்கள் வெட்கமே மேலோங்கும்; அஞ்ச வேண்டா. மாலையில் அவரைக் கண்டால் 'நீங்கள்' என்ற சொல் தானே வந்து நிற்கும்.

நாம் அடுத்த வாரம் சாலைத் தெருவிற்குச் சென்று அந்த முதியவரைத் தேடினோம். அவர் ஊருக்குப் போயிருப்பதாகக் கடைக்காரர் சொன்னார். பெயரைக் கேட்டு வந்தோம். இப்பொழுது நான்காம் இடத்தில் அவரே அமர்ந்திருக்கிறார்.