சிறுவிரலும் பெரும்பொறுப்பும்

உரைநடை உலகம்

நுழையும்முன்

பெரும்பாலான நோய்களில் மருத்துவர் மருந்தின் அளவைக் குறித்துத் தருகிறார். நோயுற்றவர் அதன்படி உட்கொள்கிறார். முதல்வகை நீரிழிவில் அவ்வாறு இல்லை. எவ்வளவு மருந்து, எப்போது, எந்த உணவுக்கு என்பதை மருத்துவர் கற்பித்த வழியில் நாள்தோறும் பலமுறை வீட்டிலேயே கணித்து முடிவெடுக்க வேண்டும். நோயுற்றவர் எட்டு வயதுக் குழந்தை எனில் அப்பொறுப்பை யார் ஏற்பது? குழந்தை தன்னைத் தானே பேணக் கற்கும் முறையையும் அதில் வீட்டுக்கும் பள்ளிக்கும் உள்ள பங்கையும் இப்பாடம் விளக்குகிறது.

நோயின் இயல்பு

இரைப்பைக்குப் பின்புறம் அமைந்துள்ள கணையம் இன்சுலின் என்னும் இயக்குநீரைச் சுரக்கிறது. உணவிலிருந்து குருதியில் சேரும் சர்க்கரை, உடலின் உயிரணுக்களுக்குள் சென்று ஆற்றலாக மாற இன்சுலின் துணைசெய்கிறது. முதல்வகை நீரிழிவில், உடலைக் காக்கவேண்டிய நோயெதிர்ப்பு ஆற்றலே இன்சுலின் சுரக்கும் அணுக்களைத் தாக்கி அழிக்கிறது. இதற்கு இனிப்பு மிகுதியாக உண்டது காரணமன்று. பெற்றோரின் வளர்ப்பும் காரணமன்று. இது தொற்றுநோயும் அன்று.

அடிக்கடி சிறுநீர் கழித்தல், தணியாத தாகம், படுக்கையை நனைத்தல், காரணமின்றி உடல் மெலிதல், சோர்வு ஆகியன இதன் அறிகுறிகள். உரிய காலத்தில் கண்டறியாவிடில் குருதியில் அமிலத்தன்மை மிகுந்து உயிருக்கே ஊறு நேரும். சுரக்காத இன்சுலினை ஊசி வழியாகவோ சிறு கருவி வழியாகவோ நாள்தோறும் செலுத்துவதே மருத்துவம். மாத்திரையோ பத்தியமோ அதற்கு ஈடாகா.

டொராண்டோ முதல் சென்னை வரை

ஒரு நூற்றாண்டுக்கு முன்னர், இந்நோய் கண்ட குழந்தைகள் பிழைப்பது அரிது. உணவைப் பெரிதும் குறைத்து வாழ்நாளைச் சில மாதங்கள் நீட்டிப்பதே அன்றைய மருத்துவமாக இருந்தது. 1921ஆம் ஆண்டு கனடாவின் டொராண்டோ நகரில் பிரெடரிக் பேண்டிங், சார்லஸ் பெஸ்ட் ஆகியோர் விலங்கின் கணையத்திலிருந்து இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். 1922 சனவரியில் லியோனார்டு தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு அது முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. முதல் ஊசி போதிய பயன் தரவில்லை. ஜேம்ஸ் காலிப் என்னும் வேதியியல் அறிஞர் தூய்மைப்படுத்திய மருந்தைச் சில நாள்களில் மீண்டும் செலுத்தியபோது அச்சிறுவன் உடல் தேறினான். மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான். கண்டுபிடித்தோர் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலர் பெற்றுக்கொண்டு டொராண்டோ பல்கலைக்கழகத்திற்கு வழங்கிவிட்டனர்.

நீரிழிவு மருத்துவத்தில் சென்னைக்கும் சிறப்பான இடமுண்டு. மருத்துவர் எம். விசுவநாதன் 1948இல் ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கெனத் தனிப்பிரிவைத் தொடங்கினார். 1954இல் இராயபுரத்தில் தனி மருத்துவமனையை நிறுவினார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2006இல் இளம்வயதில் நீரிழிவுற்றோருக்கான பதிவேட்டைத் தொடங்கியபோது அதன் ஒருங்கிணைப்பு மையங்களுள் ஒன்று சென்னையில் அமைந்தது. எழும்பூர்க் குழந்தைகள் நல மருத்துவமனையிலும் இக்குழந்தைகள் மருத்துவம் பெற்று வருகின்றனர்.

தெரியுமா?

பேண்டிங் பிறந்த நாளான நவம்பர் 14, உலக நீரிழிவு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. இந்தியாவில் குழந்தைகள் நாளும் அதுவே.

படிப்படியாகக் கற்றல்

நீந்தக் கற்பிப்பவர் குழந்தையை முதல்நாளிலேயே ஆழத்தில் விடுவதில்லை. எப்போதும் இடுப்பைப் பற்றிக்கொண்டே இருப்பதும் இல்லை. இங்கும் அவ்வாறே. ஐந்து வயதுக் குழந்தை எந்த விரலில் குருதி எடுப்பது என்பதைத் தானே தேர்ந்தெடுக்கலாம். உடல் நடுங்கினால் “எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது” என்று சொல்லப் பழகலாம். எட்டு வயதளவில் விரல்நுனியைத் துளைத்துச் சோதனைப் பட்டையில் ஒரு துளி குருதியை வைத்துக் கருவி காட்டும் எண்ணைப் படித்துக் குறிப்பேட்டில் எழுதலாம். பத்து வயதளவில் பெரியவர் பார்த்திருக்கத் தானே ஊசி செலுத்தலாம். வயிறு, தொடை என இடத்தை மாற்றி மாற்றிச் செலுத்தாவிடில் தோலின்கீழ்க் கட்டிபோல் தடித்துவிடும் என்பதையும் அப்போது கற்கிறது. உணவிலுள்ள மாவுச்சத்தைக் கணித்து மருந்தின் அளவை முடிவுசெய்வது, இவற்றிற்குப் பின் வரும் கடினமான படி.

இவ்வயது வரம்புகள் குழந்தைக்குக் குழந்தை வேறுபடும். ஊசி செலுத்தும் கைத்திறன் வந்துவிட்டது என்பதற்காக முடிவெடுக்கும் முதிர்ச்சியும் வந்துவிட்டதாகக் கருதலாகாது. பொறுப்பு முழுவதையும் உரிய காலத்திற்கு முன் குழந்தையிடம் விட்டுவிட்டால் ஊசிகள் விடுபடும். சோதிக்காமலேயே குறிப்பேட்டில் எண்கள் எழுதப்படும். கருவி 300 என்று காட்டும்போது “என்ன தின்றாய்?” என்று கடிந்துகொள்ளும் வீட்டில், குழந்தை மறைக்கக் கற்றுக்கொள்கிறது. “இப்போது என்ன செய்யலாம்?” என்று கேட்கும் வீட்டிலோ அது சிந்திக்கக் கற்றுக்கொள்கிறது.

மாடவீதியில் ஓர் கணக்கு

மயிலாப்பூரில் வாழும் பத்து வயதுக் குழந்தை ஒன்றை எண்ணிப் பாருங்கள். பங்குனிப் பெருவிழாவின் அறுபத்துமூவர் நாளன்று கபாலீசுவரர் கோயில் மாடவீதிகள் மக்கள் வெள்ளத்தால் நிரம்பியிருக்கும். வழியெங்கும் பானகம், நீர்மோர், சுண்டல் வழங்குவர். அக்குழந்தைக்கு மட்டும் விழா இல்லையா?

உண்டு, ஆனால் கணக்கோடு. பானகத்தில் கரைந்துள்ள வெல்லம், சர்க்கரையைப் போலவே விரைவில் குருதியில் ஏறும். வெல்லம் தீங்கற்றது என்னும் எண்ணம் இங்கே பிழையாகும். சுண்டலின் மாவுச்சத்து மெல்ல மெல்லவே ஏறும். இனிப்பில்லாத நீர்மோரால் பெரிய மாற்றம் நேராது. வெயிலில் நெடுநேரம் நடப்பதோ சர்க்கரையைக் குறைக்கும். ஆகவே, புறப்படுமுன் ஒருமுறை சோதித்தல், பையில் குளுக்கோசு வைத்திருத்தல், இடையில் மீண்டும் சோதித்தல் ஆகியவற்றைக் குழந்தை பழகுகிறது.

மருந்துக்கும் வெயில் ஆகாது. பிரிக்கப்படாத இன்சுலினை 2 முதல் 8 பாகை செல்சியசு வெப்பநிலையில் வைத்தல் வேண்டும், உறையவிடலாகாது. குளிர்ப்பெட்டி இல்லாத வீடுகளில், ஈரமணலில் பதித்த மண்பானைக்குள் மருந்தை வைக்கின்றனர். பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது உட்புறம் குளிர்கிறது. தண்ணீர் குளிர நம் முன்னோர் கையாண்ட அறிவே ஊசிமருந்தையும் வெப்பத்திலிருந்து காக்கிறது.

வகுப்பறையின் கடமை

இன்சுலின் மிகுந்தாலோ உணவு தவறினாலோ குருதிச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே தாழ்ந்துவிடும். நடுக்கம், வியர்வை, பசி, எரிச்சல், குழப்பம் ஆகியன தோன்றும். உடனே ஏறத்தாழ 15 கிராம் குளுக்கோசோ மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையோ உண்ணச் செய்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதித்தல் வேண்டும். சிறு குழந்தைக்கு மருத்துவர் கூறிய குறைந்த அளவே போதும். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றலாகாது. 108ஐ அழைத்தல் வேண்டும்.

பாடவேளையில் பிஸ்கட் உண்ணும் குழந்தையைக் கண்டிப்பதும், அடிக்கடி கழிப்பறைக்குச் செல்வதை ஐயுறுவதும் அறியாமையால் நிகழ்வன. ஒன்பது மாணவர் சிரித்தால் பத்தாம் மாணவர் ஊசியைத் தவிர்க்கிறார். அதன் விளைவை அவர் உடல் ஏற்கிறது. பெண்குழந்தையின் நோய் வெளியே தெரிந்தால் திருமணம் தடைப்படுமோ என்றஞ்சிப் பள்ளிக்கே தெரிவிக்காத குடும்பங்களும் உண்டு. தெரிவிக்கப்படாத நோய்க்கு உதவ எவராலும் இயலாது.

இந்நிலை மாறி வருகிறது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2017இல், இம்மாணவர்கள் சர்க்கரை மாத்திரை, பழம், தண்ணீர் போன்றவற்றைப் பொதுத்தேர்வு அறைக்குள் கொண்டுசெல்ல இசைவளித்தது. தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2023இல், வகுப்பறையில் குருதியைச் சோதிக்கவும் இன்சுலின் செலுத்தவும் இடையுணவு உண்ணவும் இசைவளிக்குமாறு மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. ஆணைகள் நடைமுறையாவது வகுப்பறையில்தான். மாணவர்களே, உங்கள் தோழர் ஒருவர் கருவியை எடுத்து விரலைத் துளைக்கும்போது அதை வேடிக்கையாகப் பாராதீர்கள், இரக்கத்தோடும் பாராதீர்கள். மூக்குக்கண்ணாடி அணிவதைப் போல் இயல்பாகக் கருதுங்கள். அவர் திடீரெனச் சோர்ந்தால் செய்யவேண்டியதை அறிந்து வைத்திருங்கள். தன்னைப் பேணும் பொறுப்பு அவருடையது. அதை அச்சமின்றிச் செய்யத்தக்க இடத்தை உருவாக்கும் பொறுப்பு உங்களுடையது.

கற்பவை கற்றபின்

1. முதல்வகை நீரிழிவு குறித்து மக்களிடையே நிலவும் தவறான கருத்துகளைத் திரட்டி, அவற்றுக்கு உரிய விளக்கங்களுடன் சுவரிதழ் உருவாக்குக.

2. தாழ்சர்க்கரை நிலையில் செய்யவேண்டிய முதலுதவியை வகுப்பில் நடித்துக் காட்டுக.

மதிப்பீடு

குறுவினா: முதல்வகை நீரிழிவு ஏற்படக் காரணம் யாது?

சிறுவினா: மண்பானை இன்சுலினைக் காக்கும் முறையை விளக்குக.

நெடுவினா: ‘கைத்திறன் வேறு, முடிவெடுக்கும் முதிர்ச்சி வேறு’ – குழந்தைகளிடம் பொறுப்பைப் படிப்படியாக ஒப்படைத்தல் குறித்துப் பாடப்பகுதி வழி நின்று கட்டுரைக்க.